உப்பேரிக்கரையில் அடித்த ஹோர்ன்

இன்று காலை பள்ளிக்கூட பஸ் எடுக்கப் போகுமுன் கையுறை தேடினேன். முதல் பனி கொட்டியிருந்தது. கழுத்துத் துணிகள் கிடக்கும் கூடையின் அடியிலிருந்து அந்த இலையான் வலை கைக்கு வந்தது. முகத்தில் ஈ மொய்க்காமல் தொப்பிக்கு மேலால் போட்டுக் கழுத்தில் இறுக்குகிற பச்சை வலை. உதறினேன். ஸ்காபரோ வெக்ஸ்போர்ட் வீட்டு நிலத்தில் கொஞ்சம் அவுஸ்திரேலியச் செம்மண் கொட்டியது. உமக்கும் சுகந்திக்கும் ரோஸ் நிற வலை, எனக்கு மட்டும் பச்சை. கடையில் ரோஸ் இரண்டுதான் இருந்தது என்று நீர் அப்போதே சொன்னீர். நான் நம்பவில்லை. இப்பவும் நம்பவில்லை.

சிரியும், சிரியும். உமக்கு என் எரிச்சல் எப்போதும் பகிடிதான்.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் ஒரே குளிர்ச்சட்டையை மாறி மாறிப் போட்டவர்கள் நாங்கள். உம்முடைய இரண்டு பிரசவத்துக்கும் நான்தான் பக்கத்தில் நின்றேன். நீர் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போன பிறகும் சனிக்கிழமை தவறியதில்லை. முப்பது வருடம். அப்படியிருக்க, பள்ளிக்கூடத்தில் உம்மோடு ஒரே வாங்கில் இருந்த சுகந்தி மெல்பேர்ணில் இருந்து எங்கேயோ உம்முடைய நம்பரைத் தேடிப் பிடித்தாள். ஆறு மாதத்தில் நாங்கள் மூன்று பேரும் அவளுடைய காரில் அலிஸ் ஸ்பிறிங்ஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

உம்முடைய வாயில் அவளுக்கு 'எடியே', 'வாடி'. எனக்கு 'நீர்', 'வாரும்'. அதுவரை அந்த 'நீர்' எனக்குச் செல்லமாகத்தான் கேட்டது. அந்தக் காருக்குள் அது விருந்தாளிக்கு இழுத்துப்போடும் கதிரை மாதிரி ஆகிவிட்டது.

இருபத்திரண்டு வருடமாக ஸ்காபரோப் பனியில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள் நான். ஓட்டுவதில் பாதி எனக்கு என்றுதான் நினைத்திருந்தேன். போர்ட் ஒகஸ்ராவில் பெற்றோல் அடித்துவிட்டு வெளியே எடுத்தேன், ரொறன்ரோப் பழக்கதோஷத்தில் வலது பக்கத்தில் ஏற்றிவிட்டேன். எதிரே மூன்று பெட்டி பூட்டிய நீள லொறி. சுகந்தி ஸ்ரியறிங்கைப் பிடித்து இழுத்தாள். லொறி இன்னும் தூரத்தில்தான் வந்தது, அதை நான் எத்தனை தரம் சொன்னாலும் நீங்கள் இருவரும் ஏற்கவில்லை.

"நீர் பின்னுக்கு இருந்து ஆறுதலாப் பாரும், உமக்கு லீவுதானே" என்றீர்.

பின் சீற்றில் நானும் ஐஸ் பெட்டியும் பாண் பைகளும். அந்த றோட்டில் எதிரே வருகிற ஒவ்வொரு சாரதியும் ஸ்ரியறிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லுவான். அரை மணிக்கு ஒரு வாகனம்தான் வரும். சுகந்தி விரலைத் தூக்குவாள், நீர் பக்கத்தில் இருந்து தூக்குவீர், இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரிப்பீர்கள். நானும் தூக்கினேன், தெரியுமோ? பின் சீற்றில் தூக்கிய விரலை யார் பார்க்கிறது.

மத்தியானம் போல அந்த உப்பேரி வந்தது. தண்ணீர் இல்லை, கண்ணுக்கு எட்டிய தூரமும் காய்ந்த வெள்ளை உப்பு. "எடியே, ஆனையிறவு உப்பளம் மாதிரிக் கிடக்கு" என்று நீர் அவளிடம் சொன்னீர். என்னிடம் "வாருமப்பா, நடப்பம்" என்றீர். எனக்கு முழங்கால் நோகிறது என்றேன். முழங்கால் நோகவில்லை. மனம் பொருமிக்கொண்டிருந்தது.

நீங்கள் போன பிறகு நான் சாரதி சீற்றில் போய் இருந்தேன். இரண்டு ரோஸ் வலைகளும் சின்னதாகிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றன. இருவரும் திரும்பிக் கையைக் காட்டினீர்கள். கொஞ்சத்தால் மறுபடியும் காட்டினீர்கள். பார்த்தீரா, நாங்கள் எவ்வளவு தூரம் வந்திட்டம் என்று எனக்குக் காட்டுவதாகவே பட்டது. ஹோர்னில் கையை வைத்து அழுத்தினேன். எடுக்கவில்லை. அந்த வெளியில் வேறு ஒரு சத்தமும் இல்லை.

நீங்கள் மறுபக்கம் திரும்பி அங்கேயே இருந்தீர்கள். அரை மணி நேரம். வரும்போது உம்முடைய கண்ணும் அவளுடைய கண்ணும் சிவந்திருந்தன.

"உப்பு கண்ணைக் கூசுது" என்றீர்.

"ரெண்டு பேருக்குமோ?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு நான்கு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். சிவப்புக் கல்மலையை உலகமே வந்து பார்க்கிறது, நான் உங்கள் இருவரின் முதுகைத்தான் பார்த்தேன்.

தைப்பொங்கலுக்கு உம்முடைய மகள் எல்லோருக்குமாக வட்சப்பில் போட்ட செய்தியில்தான் உமக்குப் பொல்லாத நோய் என்று அறிந்தேன். எல்லோரோடும் சேர்த்து எனக்கும். ஆஸ்பத்திரிக்குச் சூப் கொண்டுவந்தேன், கால் பிடித்துவிட்டேன். உமக்கு எப்போதிருந்து தெரியும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனியில் நீர் போய்விட்டீர்.

செத்தவீட்டுக்கு சுகந்தி வந்தாள். உம்முடைய குசினியில் அவள் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவ நான் துடைத்தேன். உப்பேரியில் நடந்தது எனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியாது.

"உப்பேரியிலை வைச்சுத் தன்ரை நோயைப் பற்றி உங்களுக்குத்தான் முதல்ல சொல்ல இருந்தவ, அக்கா. அதுக்குத்தான் அந்தப் பயணமே. நீங்கள் காரிலை நிண்டிட்டியள். ரெண்டு தரம் கையைக் காட்டிக் கூப்பிட்டனாங்கள். நீங்கள் ஹோர்ன் அடிச்சியள். 'அவ கோவத்திலை இருக்கிறா, இப்ப வேண்டாம்' எண்டிட்டு அங்கையே இருந்து அழுதவ. பிறகு எனக்குச் சொன்னவ."

கையில் இருந்த கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

எனக்கென்று வைத்திருந்த அரை மணி நேரம் அது. நானே தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டேன். உமக்காக அழ வேண்டிய நேரத்திலும் அவளைப் பார்த்து வயிறெரிந்தேன். இதை உமக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்ல?

இப்போது ஞாயிறு தவறாமல் அவளுக்குப் போன் எடுக்கிறேன். அவளைப் பிடித்துப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நீர் அங்கே முதலில் என்ன சொன்னீர், எந்தச் சொல்லில் குரல் உடைந்தது, என் பேரை எத்தனை தரம் எடுத்தீர் என்று ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து கேட்கிறேன். அவளும் அலுக்காமல் சொல்கிறாள்.

போன கிழமை, "எல்லாம் சொல்லி முடிச்சிட்டன் அக்கா, இனி ஒண்டும் இல்லை" என்றாள்.

"இருக்கும்" என்றேன். "யோசிச்சுப் பாருங்கோ. நான் போனை வைக்கமாட்டன்."