கடைசித் துளை

நைனா,

உன் காலை நசுக்கிய கம்பெனி மேல் கேஸ் போடு. "அத்த மட்டும் கேக்காத, அங்கயே வேல செய்ற அண்ணன் வேல பூடும்" என்றாய். இதோ, கேட்டுவிட்டேன்.

அண்ணன் உனக்காக வெல்டிங் வைத்துச் செய்த, சாய்ந்து மிதிக்கிற சைக்கிளில் சீட்டை இன்னொரு துளை முன்னே தள்ளி முடுக்கியிருக்கிறேன். பெடல் எட்டாதபோதெல்லாம் "சீட்டு நவுந்து பூச்சும்மா" என்கிறாய். சீட்டு நகரவே இல்லை நைனா. உன் கால்தான் மடங்கிக்கொண்டே வருகிறது. இது கடைசித் துளை. இதற்கு மேல் தள்ள இடமில்லை.

என்னை பி.எஸ்சி. படிக்க வைத்தது போல்ட் முடுக்கவா?

மீன் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சுட வைத்துக்கொள்.

சுகிர்தா

அண்ணன் புதுத் துளை போட வந்தால் வேண்டாம் என்று சொல். உன் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டேன். திருவள்ளூரில் வக்கீலைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.