தோல் துண்டு வைத்த நான்கு பெட்டிகள்

அக்டோபர் 9, புதன்

ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு ஆம்பூர் பஜாரில் ஹஸன் பாய் கடைக்குப் போனேன். நான் வீட்டில் கட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டிய பவர் டிரான்சிஸ்டர் ஒரிஜினல் வந்திருக்கிறதாம். போன தடவையும் ஒரிஜினல் என்றுதான் சொன்னார், ஸ்விட்ச் போட்டதும் புகை வந்தது. "இது என் கியாரண்டி ரோஷினி. போச்சுன்னா என் மூஞ்சிலயே வுட்டெறி" என்றார். எறிவேன், அது அவருக்கும் தெரியும்.

பேக்லைட் ஷீட் இன்றும் இல்லை. கரண்ட் வயர்கள் வந்து சேரும் இடம் ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியில் நேராக உட்காரக் கூடாது, நடுவில் கரண்ட் கடக்காத அட்டை வேண்டும். அதற்குத்தான் அது. எனக்கு இப்போது அது தேவையே இல்லை. கம்பெனியில் கழித்துப் போடும் ஷூ தோல் இருக்கிறதே! சீரான தடிமன், கத்தரிக்க சுகம், டிரான்ஸ்பார்மரின் உறுமலையும் அடக்கிவிடுகிறது. செருப்பு போட்ட காலுக்கு ஷாக் அடிக்காது என்று ஊரே சொல்கிறது. செருப்பு என்றால் தோல்தானே?

அப்படி நான்கு பெட்டி கட்டிவிட்டேன். கம்பெனி பஸ்ஸில் கூட வரும் மேரிக்கா, தான் பாடும் மாதனூர் சர்ச்சுக்கு வாங்கிக் கொடுத்தது ஒன்று. டீக்கடைக்கு ஒன்று. என் லைனில் வேலை செய்யும் முபஷ்ஷிரா வீட்டுக்கு ஒன்று. நான்காவதை விரிஞ்சிபுரம் அரங்கநாதன் சார் தன் பஜனைக் கோஷ்டிக்காக இன்று வந்து எடுத்துப்போனார்.

அம்மாவுக்கு ஈயம் உருக்கும் வாடை பிடிக்கவில்லை. "வூடா இது, பட்டறையா?" என்றாள். இரண்டும்தான் என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

மேரிக்காவுக்கு ஷாக் அடித்துவிட்டது. என் பெட்டியில்.

காலையிலிருந்து நல்ல மழை. பூசை நடுவில் பாட எழுந்து மைக்கைப் பிடித்தாராம். பிடித்த கை விடவில்லை. பாட்டு என்று நினைத்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், அவர் கத்தியது அப்படி இருந்ததாம். அவர் தம்பி ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். மேரிக்கா இப்போது வேலூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

எழுத முடியல.

அக்டோபர் 14, திங்கள்

பஸ்ஸில் மேரிக்கா சீட்டில் யாரும் உட்காரவில்லை. ஸ்டிச்சிங் ஆள்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

சர்ச்சிலிருந்து பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கழற்றி ஒவ்வோர் இடமாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. எங்கும் கசிவு கிடையாது. சர்ச் சாக்கெட்டில்தான் எர்த் இல்லை, அதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் எர்த் இல்லாவிட்டாலும் பெட்டிக்குள் கரண்ட் எப்படி வந்தது? எங்கேயோ இருந்து வந்துதானே ஆக வேண்டும்?

அக்டோபர் 15, செவ்வாய்

ஹஸன் பாய் கொடுத்த டிரான்ஸ்பார்மர் டூப்ளிகேட். வேறு என்ன இருக்க முடியும்?

ஹஸன் பாய் கடையில் நாலு பேர் எதிரில் கத்திவிட்டேன். "ஒரு உசுரு போயிருக்கும் பாய், உங்க யாவாரத்தால!" அவர் திருப்பிக் கத்தவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "என் சாமான செக் பண்ணியா? பண்ணிட்டுப் பேசு. பொட்டிக்குள்ள நீ இன்னா வெச்சேன்னு எனக்கின்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார்.

அக்டோபர் 16, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேரிக்காவின் வலது கை முழுக்கக் கட்டு. உள்ளங்கை வெந்துபோயிருக்கிறது.

"நான்தான்டி ஈரக்கையோட தொட்டுட்டேன். ஃபாதரும் அதான் சொல்றாரு, எல்லாரும் அதான் சொல்றாங்க. உன் பேர கெடுத்துட்டேன்" என்றார்.

என் பேரையாம்! கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியும் இருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. தோன்ற வேண்டும் என்று ஆசைப்பட்டேனா?

அக்டோபர் 17, வியாழன்

இன்று லாஸ்டிங் செக்‌ஷனில் ஆள் குறைவு என்று என்னை அங்கே நிறுத்தினார்கள். ஷூவின் மேல்தோலை அச்சில் இழுத்து ஒட்டுவதற்கு முன்னால் ஸ்டீம் காட்டுவார்கள். விறைப்பாகப் போகும் தோல் ஆவியைக் குடித்துவிட்டு, துணி மாதிரி துவண்டு வெளியே வரும். எத்தனையோ வருடமாகப் பார்க்கிற வேலை. நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் கத்தினது கூடக் காதில் விழவில்லை.

தண்ணி குடிக்கும். தோல் தண்ணி குடிக்கும். பதப்படுத்தும்போது போட்ட உப்பு வேறு உள்ளேயே கிடக்கும்.

வீட்டுக்கு வந்து ஒரு தோல் துண்டை மீட்டரில் வைத்தேன். முள் அசையவில்லை. அதே துண்டை இட்லிப் பானை ஆவியில் காட்டி மறுபடியும் வைத்தேன். முள் எகிறியது.

அன்றைக்கு சர்ச் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து பெட்டியின் அடிப்பக்கம் நனைந்திருக்கிறது. ஈரத் தோல் வழியாகக் கரண்ட் இரும்புப் பெட்டிக்கும், வயர் வழியாக மைக்குக்கும் போயிருக்கிறது. என் வீட்டுக்கு வருவதற்குள் காய்ந்துவிட்டது. அவ்வளவுதான். மேரிக்கா கை இல்லை, பாய் சாமானும் இல்லை. நான். நான்தான்.

இன்னும் மூன்று பெட்டி வெளியே இருக்கு. மழைக்காலம். கடவுளே, யாரும் அதத் தொடக் கூடாது.

அக்டோபர் 18, வெள்ளி

லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டீக்கடைக்காரரிடம் "ஃப்ரீ சர்வீஸ்" என்றேன், கொடுத்துவிட்டார். முபஷ்ஷிராவிடமும் அதையே சொன்னேன். "உண்மைய சொல்லு, இன்னா விஷயம்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பெட்டி கைக்கு வந்ததும் ஓடிவந்துவிட்டேன்.

அரங்கநாதன் சார் கொடுக்கவில்லை. "எதுக்கும்மா சர்வீஸ்? ஃபர்ஸ்ட் கிளாஸா பாடுது. இந்த மாசம் முழுக்க பஜனை இருக்கு. முடியட்டும், நானே கொண்டாந்து தர்றேன்." உள்ளே ஒரு சின்ன கோளாறு சார் என்றேன். சிரித்தார். "உன் வேலையில கோளாறா? போம்மா!" காபி கொடுத்து அனுப்பினார்.

காபியைக் குடித்தேன். உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், மேரிக்காவுக்கும். மழை நாளில் போடாதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று அவர் கேட்டதற்குச் சும்மா என்றேன். சும்மாவாம்!

அக்டோபர் 19, சனி

வானம் மூடியிருக்கிறது. அரங்கநாதன் சார் போனை எடுக்கவில்லை. இன்று முழுக்க ஓவர்டைம்.

அக்டோபர் 20, ஞாயிறு

விடியும்போதே கொட்ட ஆரம்பித்துவிட்டது. போன் ஸ்விட்ச் ஆஃப். அம்மா குறுக்கே நின்றாள். "இந்த மழையில எங்கடி போறே?" என்றாள். "ஆளக் கொல்ல ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கேம்மா, அத நிறுத்தப் போறேன்" என்றேன். அவள் வழியை விட்டுவிட்டாள்.

நான் போனபோது பஜனைக் கூடத்தில் தரையெல்லாம் ஈரக் கால்தடம். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சார் மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க சார்! தொடாதீங்க!"

எப்படிக் கத்தினேனோ தெரியாது. பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன். ஹார்மோனியம் நின்றது. எல்லார் எதிரிலும் சொன்னேன். தோல் வெச்சிருக்கேன் சார், ஈரம் பட்டா கரண்ட் வரும், மாதனூர்ல ஒரு அக்கா ஆஸ்பத்திரியில கெடக்காங்க, என்னாலதான்.

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு, "வெள்ளிக்கிழமையே தெரியுமா உனக்கு?" என்றார்.

தெரியும் சார்.

"நேத்து சாயந்திரம் என் பொண்ணு ஸ்வேதா இதப் புடிச்சிக்கினுதாம்மா பாடிச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெட்டியை அவரே பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிவந்து என் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அக்டோபர் 21, திங்கள்

மேரிக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப என் ஈரக்கை இல்லியா?" என்று கேட்டார். இல்லக்கா. ஈரக் கையில தொட்டாலும் ஒண்ணும் ஆகாத மாதிரிதான் நான் கட்டியிருக்கணும்.

"ஒரு வாரமா என்ன நானே திட்டிக்கினு கெடந்தேன்டி. நீ வந்து உக்காந்து கேட்டுக்கினு இருந்தியே" என்றார். அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "போ."

வந்துட்டேன். வேற என்ன பண்றது?

அக்டோபர் 27, ஞாயிறு

நான்கு பெட்டியும் என் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. இனி ஸ்குரூ டிரைவரையே தொடப்போவதில்லை.

நவம்பர் 2, சனி

சர்ச்சிலிருந்து ஃபாதர் போன் செய்தார். பெட்டி திரும்ப வேண்டுமாம். வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் ஃபாதர் என்றேன். "உன் மேரிக்கா ஆரோக்கியமேரிதான் கேக்குது. ரோஷினியே சரி பண்ணிக் குடுக்கட்டும்னு சொல்லுது" என்றார்.

ஹஸன் பாய் கடை வாசலில் போய் நின்றேன். என்ன பேசுவது? "தோலு பாய்" என்றேன். அவர் உள்ளே போய் பேக்லைட் ஷீட்டை எடுத்து, அளவு கேட்டு, அவரே ரம்பம் போட்டு அறுத்துக் கொடுத்தார். "இனிமே மூடறதுக்கு முன்னாடி கொண்டாந்து காட்டு. பெரிய இன்ஜினியரு!" என்றார். அவர் திட்டியது நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 6, புதன்

சர்ச் பின்பக்கம் பள்ளம் தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் பைப் இறக்கியாயிற்று. பெட்டியை முழுக்கப் பிரித்துக் கட்டினேன். ஆவி காட்டினேன், ஈரத்துணி சுற்றி வைத்தேன், மறுபடி மறுபடி மீட்டர் பிடித்தேன். முள் படுத்தே கிடக்கிறது. நம்பிக்கை வரவில்லை. அன்றைக்கும் படுத்துத்தானே கிடந்தது?

மேரிக்கா இன்று வேலைக்கு வந்தார். பஸ்ஸில் என்னைத் தாண்டிப் போய்ப் பின்னால் உட்கார்ந்தார். இறங்கும்போது மட்டும் நின்றார். "ஞாயித்துக்கெழம மொதல்ல நீ புடிக்கணும். வெறுங்காலோட. தண்ணி ஊத்தி."

சரிக்கா.

நவம்பர் 10, ஞாயிறு

பூசைக்கு முன்னால் போனேன். செருப்பைக் கழற்றினேன். மேரிக்காவே குடத்திலிருந்து தரையில் தண்ணீர் ஊற்றினார், என் கையிலும் ஊற்றினார். பாட்டுக் குழு எல்லாம் சுவரோரம் ஒதுங்கி நின்றது. ஸ்விட்சைப் போட்டேன். மைக்கை இறுக்கிப் பிடித்தேன்.

ஒன்றுமில்லை. "ஹலோ" என்றேன். என் குரல் பெரிதாகக் கேட்டது.

மேரிக்கா கிட்டே வந்தார். கட்டுப் பிரித்த கையை நீட்டினார். உள்ளங்கைத் தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கை நின்றுவிட்டது. இன்னொரு தடவை நீட்டினார். அதே இடம்தான். இடது கையை நீட்டிப் பார்த்தார், அதுவும் வரவில்லை.

"வரலடி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஸ்டாண்டுல வெச்சாலும் இரும்புதான். கிட்ட நிக்க பயம்மா இருக்குது. நீ புடிச்சிக்கினு நில்லு, நான் பாடறேன். உன் கையில இருந்தா உனக்குத்தானே மொதல்ல அடிக்கும்?"

ஆமாங்கக்கா என்றேன்.

முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, அவர் வாய்க்கு நேராக மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கையையே பார்த்துக்கொண்டு பாடினார். மூன்றாம் பாட்டில் கண்ணை மூடிக்கொண்டார்.

தோள்பட்டை விண்விண் என்று வலிக்கிறது. அம்மா தைலம் தேய்த்துவிட்டாள்.