விழிஞத்துக் குளப்படி

கரமனை,
கொல்லம் 1113, மேடம் 28

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். பகவான் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம், பம்பாயில் உனக்கு உடம்பு தேறிவருகிற சேதி வந்த பிறகுதான் உன் அம்மாவுக்குத் தொண்டையில் சோறு இறங்குகிறது. உன் தங்கை விஜயத்துக்கு வைகாசியில் சீமந்தம் வைத்திருக்கிறது. டைபாய்டில் நீ கிடந்த இருபத்திரண்டு நாளும் கஞ்சி புகட்டி, மலமூத்திரம் எடுத்த உன் அறைத்தோழன் லூர்தையனின் தகப்பனாரைப் பார்த்து நன்றி சொல்லச் சொல்லி எழுதியிருந்தாயே, போன சனிக்கிழமை விழிஞத்துக்குப் போய்வந்தேன். இத்தனை வருஷம் திருவனந்தபுரத்தில் இருந்தும் அந்தக் கடலை நான் பார்த்ததில்லை. கரையெல்லாம் கட்டுமரம், ஊரே இரண்டு வரிசையாக நின்று பாட்டுப் பாடி வலை இழுக்கிறது, மாதா கோவில் பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் கூடை நீட்டுகிறார்கள். லூர்தையனின் தகப்பனார் பெயர் பனியடிமை, என்னைவிட மூத்தவர். நான் வருகிறேன் என்று இரண்டு நாளாக அந்த வீட்டு அடுப்பில் மீன் ஏற்றவில்லையாம். புதுப்பாய் விரித்து, நான் ஆசாரக்காரன் என்று இளநீரைச் சீவாமல் முழுசாகத் தந்து, புதுக் கத்தியையும் என்னிடமே நீட்டினார். நான் கோணலாகச் சீவி வேஷ்டியெல்லாம் நனைத்துக்கொண்டதைப் பார்த்து அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். புறப்படும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சாமி மோனுக்கு எம் மோன் கூட உண்டு, பயப்படாண்டாம் என்றார்.

அப்புறம் நான் செய்ததை எப்படியடா எழுதுவேன். பஸ்ஸுக்கு நடக்கிற வழியில் குளத்தைக் கண்டதும் கால் தானாக இறங்கிவிட்டது. அவர் தொட்ட தீட்டுப் போக உடுத்த வேஷ்டியோடு மூன்று முழுக்குப் போட்டு எழுந்தால், படிக்கு மேலே பனியடிமை நிற்கிறார். உன் அம்மாவுக்கென்று ஒரு சீப்புச் செந்துளுவன் பழத்தோடு ஓடிவந்திருக்கிறார். வெயில் தாங்கவில்லை என்று பொய் சொன்னேன், ஐம்பத்தெட்டு வயசில். உள்ளதுதான், நல்ல சூடு என்றார் அவரும். படியிலே பாசி உண்டு சாமி, சூட்சிச்சு ஏறணும் என்று கையை நீட்டினவர், பாதியில் தானே மடக்கிக்கொண்டு, பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெட்கக்கேடு! என் மூஞ்சியை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் அந்தப் பழத்தில் ஒன்றை உரித்து என் எதிரிலேயே தின்றாள். வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறேன், வாசலில் ஏற்றுவாரோ மாட்டாரோ, போகிறேன். இந்தக் கடிதத்தை லூர்தையனுக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு. அப்பா மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் விழுங்காதே. அவன் தகப்பனார் இதை எழுதியிருக்க மாட்டார், அவர் அப்படிப்பட்ட மனுஷர்.

மருந்தை நிறுத்தாதே, வெந்நீரே குடி. தீர்க்காயுசாக இரு. லூர்தையனுக்கும் ஆசீர்வாதம் என்று எழுத வந்தேன், அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அவனுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
வெங்கடேஸ்வரன்