காது மெஷின்

செவ்வாய்க்கிழமை உன் அம்மா எங்கள் கடைக்கு வந்திருந்தார். சேலை எடுக்க வரவில்லை. கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காராமல், டின்னை நேராக என்னிடம் நீட்டினார்.

"இத யாருக்காவது குடுக்கலாமான்னு பாரு புள்ள. நல்ல காது மெஷினு. சின்னத ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் குடுத்துட்டேன். இத மட்டும் வேணான்னுட்டாங்க."

மூடியைத் திறந்தேன். உன் தலைவலித் தைலத்தின் வாசம் முதலில் வந்தது. சின்னத் துவாலையில் சுற்றியபடி உன் பெட்டி. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி, ஒரு பக்கம் குமிழ், குமிழைச் சுற்றி நெயில் பாலிஷில் மூன்று பொட்டுகள்: சிவப்பு, ரோஸ், கத்தரிப்பூ நிறம். அடியில் பெரிய ஹெட்போன், சுருட்டி வைத்த வயர்கள், பாட்டுக்கென்று மட்டும் நீ வைத்திருந்த, திரை வெடித்த பழைய போன்.

அது காது மெஷின் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருஷமாக நீயே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? "பாக்குறேம்மா" என்றேன். அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எல்ல ஊரில் நீ வேலை பார்த்த கெஸ்ட் ஹவுஸில், விருந்தினர்கள் விட்டுப்போகும் சாமான்களுக்கென்று ஒரு அலமாரி இருந்ததே, அதிலிருந்து எனக்கு எப்போதும் புத்தகங்கள்தான் வரும். யாரோ பாதியில் மடித்து வைத்த பக்கத்திலிருந்து நான் மீதியைப் படிப்பேன். உனக்கு அந்த அலமாரி கொடுத்தது இந்தப் பெட்டி. விட்டுப்போனவருக்கு எழுதிக் கேட்டாய். அவர் வேறு வாங்கிவிட்டதாகவும், இதை நீயே வைத்துக்கொள்ளலாம் என்றும் பதில் எழுதினார். அந்தப் பதிலை எனக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினாய்.

தெமோதரை ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துத்தான் முதன்முதலில் எனக்குப் போட்டுக் காட்டினாய். சனிக்கிழமைகளில் உனக்கு மாலை வேலை. எல்லவுக்குப் போகும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நீ தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வருவாய், நான் பதுளையிலிருந்து பஸ்ஸில் வருவேன். போனிலிருந்து ஒரு வயர் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து ஒரு வயர் ஹெட்போனுக்கு. எனக்கு விளங்கவில்லை.

"இது எதுக்குடி? போன்லயே பாட்டு கேக்குதுதானே."

"கேக்குது. ஆனா இவ்வளவு பெரிய ஹெட்போன தூக்க முடியாம போனுக்கு மூச்சு வாங்குது. இது குட்டி ஆம்ப்ளிஃபயர், பின்னாலருந்து ஒரு கை குடுக்கும். சத்தம் கூட்டுறதுக்கு இல்ல. பேசாம கேளு."

கேட்டேன். சின்ன வயதிலிருந்து வானொலியில் கேட்டுச் சலித்த பாட்டு. அதில் பாடுகிறவர் வரியைத் தொடங்குவதற்கு முன் மூச்சை இழுத்தார். வயலின் வாசித்தவரின் வில் திரும்பியது. பின்னால் யாரோ காலை நகர்த்தி வைத்தார். அந்தப் பாட்டுக்குள் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்த்தேன். "பாத்தியா?" என்று மட்டும் கேட்டாய். அன்றுதான் முதல் பொட்டை வைத்தாய், சிவப்பு. அதற்கு மேல் குமிழைத் திருப்பினால் காதுக்குக் கெடுதி என்றாய்.

பிறகு ரெண்டாகப் பிரியும் ஒரு வயர் வாங்கினோம். உனக்கு ஹெட்போன், எனக்கு என்னுடைய சின்ன இயர்போன். ஒரே பாட்டை இருவரும் கேட்போம். வயர் கட்டையானதால் தலைகள் முட்டும்.

பஸ்ஸில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. தோட்டத்து வரிசை வீடுகளான உங்கள் லயத்தில் இருக்கும் ராசாத்தி அக்கா பக்கத்து சீட்டில் இருந்து உன் காதைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"பாவம் புள்ள. எப்பலேருந்து?"

நீ ஒரு பக்கத்தைக் கழற்றினாய். "என்னாக்கா?"

அதுதான் தப்பாகப் போனது. ராசாத்தி அக்கா பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "எப்பலேருந்துன்னு கேட்டேன்!"

"போன மாசத்துலேருந்துக்கா" என்றாய் நீ, பெட்டியைத்தான் கேட்கிறார் என்று நினைத்து.

அன்று பொழுது சாய்வதற்குள் ரெண்டு லயத்துக்கும் செய்தி போய்விட்டது. இந்த வயதிலேயே உனக்குக் காது மெஷின். உன் அம்மாவை அக்கம்பக்கத்தார் தேடி வந்து ஆறுதல் சொன்னார்கள். உன் அம்மா உன்னிடம் கேட்டபோது, "எனக்கு நல்லா கேக்குதும்மா" என்றாய். மெஷின் போட்டால் கேட்கத்தானே செய்யும் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே குரலை உயர்த்தினார்களாம். மாப்பிள்ளையின் அத்தை, "பேரு என்னாம்மா, பேரு!" என்று உன் முகத்துக்கு நேராகக் கேட்டார். நீ டீ தட்டை வைத்துவிட்டு, "மெதுவா பேசுங்க அத்த, பாலு திரிஞ்சிரும்" என்றாய். அடுத்த வாரம் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். "ஜாதகத்துக்குத்தான் காது கேக்கலையாம்" என்று நீ பல நாள் சொல்லிச் சிரித்தாய்.

"அம்மாகிட்டயாவது ஒழுங்கா சொல்லேன்" என்றேன்.

"விடுடி. செவிடுன்னு நெனச்சா மனுசங்க எவ்வளவு உண்மை பேசுறாங்க தெரியுமா?"

அடுத்த வருஷம் வயிற்றில் கட்டி என்றார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் உனக்கு மருந்து ஏற்றும் நாட்களில் நான் வீட்டிலிருந்து சோறு கொண்டு வருவேன். நீ தொட்டும் பார்க்க மாட்டாய், எனக்குத்தான் ஊட்டிவிடுவாய். இந்த மருந்து காதையும் கொஞ்சம் கெடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். "பாத்தியா, எங்க லயத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

முதலில் போனது மணிச் சத்தம். கெஸ்ட் ஹவுஸில் உன் மேசை மேல் இருந்த சின்ன மணியை ஒருவர் மூன்று தடவை தட்டியும் நீ தலை நிமிரவில்லையாம். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாய். ரோஸ் பொட்டு அந்த வாரம் வந்தது. சில மாதங்களில் கத்தரிப்பூ.

"திருப்பத் திருப்ப மேளம்தாண்டி பெருசாகுது. மேல உள்ள கீச்சுச் சத்தம் வரவே மாட்டேங்குது" என்றாய்.

ஆஸ்பத்திரியில் நிஜமான காது மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள், காதுக்குப் பின்னால் மறைந்துவிடும் அளவில். அதைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போன அன்று ராசாத்தி அக்கா உன் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழசு பெருசா நல்லாத்தானே இருந்துச்சு? இவ்வளவு சின்னதுல என்னாத்த கேக்கும்?" என்றாராம். அவர் சொன்னது ஒரு வகையில் சரி. பேச்சுக்கு அது உதவியது, பாட்டுக்கு உதவவில்லை. பாட்டு கேட்க நீ அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய பெட்டிக்கே வந்தாய்.

அப்போதுதான் என்னிடம் அந்த வாக்கை வாங்கினாய்.

"எல்லாரும் எனக்கு ஜால்ரா போடுறாங்க. அம்மா, 'முன்ன மாதிரியேதான் இருக்க'ங்குது. மொதலாளி, 'ஒரு வித்தியாசமும் இல்ல'ங்கிறாரு. நீ மட்டும் போடாதடி. இருந்தா இருக்குன்னு சொல்லு, இல்லாட்டி இல்லன்னு சொல்லு. அத வச்சு நான் பாத்துக்குவேன்."

சரி என்றேன். அதன்பின் நம் சனிக்கிழமைகள் மாறின. பாட்டின் நடுவே நீ கையை உயர்த்துவாய். "இங்க புல்லாங்குழல் இருக்கணுமே, இருக்கா?" இருக்கு என்பேன். "எப்பிடி இருக்கு?" நான் தேடித் தேடி ஏதாவது சொல்லுவேன். "புத்தகத்துல எழுதுற மாதிரி சொல்லாத. சும்மா சொல்லு." மேலே போய், கொஞ்சம் நின்று, சறுக்கி இறங்குகிறது என்பேன். கண்ணை மூடிக்கொள்வாய். சில நேரம், "ஆமா, வந்திருச்சு" என்பாய். அது காதிலிருந்து வந்ததா, ஞாபகத்திலிருந்து வந்ததா என்று நான் கேட்டதில்லை.

காதுக்குக் கேட்காததெல்லாம் உன் காலுக்குத் தெரிந்தது. பதுளையிலிருந்து ஏறி வரும் ரயில் முதலில் ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்தில் நுழையும், பிறகு குன்றைச் சுற்றிக்கொண்டு மேலே வரும். எனக்கு ஒன்றுமே தெரியாதபோது நீ செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் காலை வைத்து, "கீழ போகுது" என்பாய். உடனே வயரைச் சுருட்டத் தொடங்குவாய். அதனால் கடைசியாகப் போட்ட எதையும் நாம் முடிவு வரை கேட்டதே இல்லை.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். முந்திய நாள்தான் காது டாக்டர், போனது திரும்பாது என்று உனக்கு எழுதியே காட்டியிருந்தார். நீ அதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டு, போனில் எதையோ தேடினாய். உங்கள் தோட்டத்து மார்கழி பஜனை, நோய் வருவதற்கு முந்திய மார்கழியில் நீ பதிந்து வைத்தது. விடியுமுன் லயம் லயமாகப் பாடிக்கொண்டு போகிறார்கள். ஆர்மோனியம், மேளம், இருமல், நாய்களின் குரைப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால், என் காதருகிலேயே அடிப்பதுபோல, ஒரு ஜோடி ஜால்ரா.

நீ குமிழைக் கத்தரிப்பூப் பொட்டையும் தாண்டித் திருப்பினாய். என் இயர்போனை நான் கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இதுல ஜால்ரா இருக்கா?"

உன் முகத்தைப் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டு இருக்கு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"இல்லடி" என்றேன். "வெறும் மேளந்தான்."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். வருத்தமான சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஏதோ குறும்பு செய்த பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. குமிழைக் குறைத்தாய். உன் பையிலிருந்த இஞ்சி டொஃபியில் கடைசி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாய். "கீழ போகுது" என்றாய். ரயில் வந்தது.

அதன்பின் நமக்கு நான்கே சனிக்கிழமைகள் கிடைத்தன. நீ அந்தப் பதிவை மறுபடி போடவில்லை. நான் உன்னை ஆறுதல்படுத்திவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

நேற்றுக் காலை, கடை திறக்குமுன், மாடியில் போனையும் பெட்டியையும் சார்ஜ் செய்தேன். குமிழை முதலில் உன் கத்தரிப்பூப் பொட்டில் வைத்தேன். ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. ஹெட்போனைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, மூன்று பொட்டுகளையும் விரலால் தடவிப் பார்த்தேன். அவ்வளவு தூரம் நீ தேடிப் போயிருக்கிறாய். பிறகு சிவப்புக்குத் திருப்பி, பஜனையைத் தொடக்கத்திலிருந்து போட்டேன். இந்த முறை அடியில் ரயில் போகவில்லை. முடிவு வரை கேட்டேன்.

கடைசிப் பாட்டு நின்றதும் பேச்சுக் குரல்கள். யாரோ சூடாக எதையோ ஊற்றுகிறார்கள். ஒரு ஆண் குரல், "யாரு இன்னைக்கு ஜால்ரா? நடுவுல ரெண்டு எடத்துல தப்பிருச்சே" என்கிறது.

அடுத்து, போனுக்கு மிக அருகில், உன் குரல்.

"நாந்தான் மாமா. குளிருல கை மரத்துப்போச்சு."

ஒரு சிரிப்பு. ஸ்வெட்டர் பையில் துணி உரசுகிறது. பதிவு முடிகிறது.

நீ போட்ட ஜால்ராவையே நீ என்னிடம் கேட்டிருக்கிறாய். இருக்கிறது என்று உனக்குத் தெரியும். என் வாயால் கேட்டால், புல்லாங்குழல் வந்ததுபோல அதுவும் ஒரு தடவை வந்துவிடும் என்று காத்திருந்தாய். ஜால்ரா போடாதே என்று கேட்டுக்கொண்ட ஒரே ஆளிடமிருந்து, ஜால்ராவே இல்லை என்று பதில் வந்தது. அதற்கு நீ டொஃபி கொடுத்தாய்.

நான் அதை மனதில் பலமுறை புரட்டிப் பார்த்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு இன்று லேசாக இருந்திருக்கும். நீ அன்று சிரித்ததைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

பெட்டியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை இல்லை. பிஸ்கட் டின்னோடு தோட்டத்துக்குப் போகிறேன். ரெண்டாகப் பிரியும் வயரும் இருக்கிறது. அவருக்கு ஹெட்போன், எனக்கு இயர்போன், குமிழ் சிவப்பில். அது என்ன மெஷின் என்று நான் சொல்லப்போவதில்லை. உன் குரல் வரும் இடம் வரைக்கும் அவர் கேட்கட்டும், பிறகு அவரே சொல்லட்டும்.

உனக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. நேற்று மூன்று தடவை கேட்டு, கவனமாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இருக்குடி. முதல் பாட்டிலிருந்து கடைசி வரைக்கும் இருக்கு, எல்லாத்தையும் விடப் பக்கத்துல இருக்கு. உங்க மாமா சொன்னது சரி, ரெண்டு எடத்துல தப்பா போட்டிருக்க.