நினைவிடத்தில் கையை விட்டேன்

செவ்வாய், 7

காலையிலிருந்து சாரல். ஸ்வெட்டர் போட்டும் குளிர். வடகரப்பதியில் இருந்தால் இந்நேரம் தென்னைக்குத் தண்ணீர் கட்டியிருப்பேன். இங்கே மூணாறில், மகள் வீட்டில், பிள்ளை மேய்க்கிற வேலை. அங்கன்வாடி ஒரு வாரம் லீவு. மருமகன் வண்டியோடு கொச்சியில். மகளுக்கு ஹோட்டல் டூட்டி. அவள் அம்மா மாட்டை விட்டு வரமாட்டாள். ஆக, நான்.

நிலாவுக்கு ஐந்து வயது. கவினுக்கு இரண்டரை.

"ஊட்டுக்குள்ளயே இருந்தா போனத்தான் நோண்டுவாங்க. எங்கியாச்சும் கூட்டீட்டுப் போங்கப்பா" என்றாள் மகள்.

பஜார் பக்கம், வெள்ளத்தில் போனவர்களுக்கு ஒரு தூண். கவின் அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டம். நிலா ஐஸ்கிரீம் கேட்டாள், இந்தக் குளிரில். வாங்கிக் கொடுத்தேன். மகளிடம் மூச்சு விடவில்லை.

வாங்க: பிஸ்கட், என் பிரஷர் மாத்திரை, கவினுக்கு சாக்ஸ்.

புதன், 8

பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். எழுதினால் மனசு ஆறுமோ என்னவோ.

ஆட்டோ பிடித்து எஸ்டேட்டுக்கு மேலே போனோம். மண்சரிவில் போன குடும்பங்களின் நினைவிடம். தேயிலைக்கு நடுவே ஆள் உயரக் கறுப்புக் கல். பெயர், வயது. ஒரே வீட்டில் ஐந்து வயது, மூன்று வயது. அதற்குமேல் படிக்கவில்லை.

செருப்பைக் கழற்றினேன். கவின் தோள்மேல். ஒற்றைக் கையால் கும்பிட்டுப் பழக்கமில்லை. நிலாவின் கையை விட்டேன். கண்ணை மூடினேன். ஒரு வேண்டுதல் நேரம்தான்.

திறந்தால் கல்லே தெரியவில்லை. மூடுபனி. இங்கே மஞ்சு என்கிறார்கள். நிலா இல்லை.

வெறுங்காலோடு ஓடினேன். நிலா, நிலா என்று தொண்டை கிழியக் கத்தினேன். எங்கள் பக்கம் பிள்ளையைக் காணோமென்றால் கத்துவதுதான் வழி. நாலு தோட்டத்து ஆளும் ஓடி வரும். இங்கே பதிலே இல்லை. சரிவில் விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். கவின் என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை.

கொழுந்து பறிக்கிற அம்மா ஒருத்தி மஞ்சுக்குள்ளிருந்து வந்து என் கையைப் பிடித்தாள். கிசுகிசுப்பாக:

"கத்தாதிய ஐயா. கீழ ஆனை நிக்கி. சத்தத்துக்கு மேல ஏறிரும்."

இவ்வளவு நேரம் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்!

அவள்தான் கல்லுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். நிலா அங்கே குந்தியிருந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. நான் கும்பிட்ட இடத்திலிருந்து பத்தடி. பத்தே அடி.

ஆட்டோவில் கேட்டேன். "ஏஞ்சாமி, ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"மஞ்சு எறங்குனா உக்காந்துக்கணும், பேசக் கூடாது. அம்மா சொல்லியிருக்கு. நீங்க கத்துனது கேட்டுச்சு அப்புச்சி. ஆனை உங்களப் புடிச்சுருமோன்னு அழுதேன்."

வியாழன், 9

தூக்கமில்லை. கண்ணை மூடினால் வெள்ளை.

வெளியே போகவில்லை. செருப்பு அங்கேயே கிடக்கிறது.

மகளிடம் சொன்னால் இனிப் பிள்ளைகளை என்னிடம் விடமாட்டாள். சொல்லாமல் இருந்து, மறுபடி கை விட்டுப் போனால்? அந்தப் பயம்தான் பெரிது. சாயங்காலம் சொல்லிவிட்டேன்.

கவினுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. பிறகு, "நாளைக்கு டூட்டி மாத்த முடியாதுங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

வெள்ளி, 10

விடிந்ததிலிருந்து ஜன்னல் வரை மஞ்சு. பயமாக இருக்கிறது, மறைப்பானேன்.

மகள் கிளம்பும்போது வாசலில் குனிந்து நிலாவிடம், "தம்பியப் பாத்துக்க சாமி" என்றாள். ஷூவை மாட்டினாள். என்னைப் பார்க்காமலே, "அப்புச்சியையும்."

நிலா சரியென்று தலையாட்டினாள். மகள் போனதும், கதவைச் சாத்திவிட்டு உள்ளே வரச் சொன்னாள் நிலா. சாத்தினேன்.