சம்பள நாளில் ஒரு பயிற்சி

ஜார்ஜ் டவுன்,
12.7.1990

அன்புள்ள அம்மாவுக்கு,

குணவதி வணக்கம் சொல்லி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

கிராமப்புறப் பெண்களுக்கு வியாபாரம் கற்றுக்கொடுக்க எங்கள் சங்கத்துக்கு மானியம் கிடைத்திருக்கிறது. ஏழாம் தேதி ரப்பர் தோட்டத்துப் பெண்கள் இருபது பேரைப் பஸ்ஸில் ஏற்றி, இங்கே ஒரு ஹோட்டலுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குத்தான் தோட்டத்தில் சம்பள நாள். மாதத்தில் வியாபாரம் நடக்கிற ஒரே நாள் அதுதான் என்று இந்த மேதாவிகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாடம் எடுத்த அருந்ததி மேடம் ஆயுளில் ஒரு வடைகூட விற்றதில்லை.

"பிஸ்னஸ்னா மொதல்ல கஸ்டமர் எங்க இருக்காங்கன்னு தேடணும்லா" என்றார்.

முறுக்கு விற்கிற அஞ்சலை அக்கா எழுந்தார். "கஸ்டமரெல்லாம் இன்னிக்குத் தோட்டத்து வாசல்ல நிக்கிறாங்க மேடம். நாந்தான் இங்க வந்து ஒக்காந்திருக்கேன்."

மேடம் கைதட்டினார். பாடம் புரிந்துவிட்டதாம்! அதைப் பயிற்சியின் வெற்றி என்று அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். நான்தான் டைப் அடித்தேன்.

அடுத்த பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது. அதுவும் அடுத்த மாதம் ஏழாம் தேதி, சம்பள நாளில்தான். வராதீர்கள். உங்கள் வடையை விற்க இவர்களுடைய பாடமா வேண்டும்?

என் பழைய போர்வையையும் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயையும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. யாரும் கிடைக்காவிட்டால் நீங்களே அந்தப் பயிற்சி பஸ்ஸில் ஏறிவிடுங்கள். ஏழாம் தேதி காலையிலிருந்தே ஹோட்டல் வாசலில் நிற்பேன்.

உங்கள் மகள்,
குணவதி