மைக் வாங்கவில்லை, ஹெட்போன்தான் வாங்கினேன்

என் செல்லத் தம்பி ஜெரோமுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சாமான் வாங்கியாகிவிட்டது. நீ கப்பலிலும் நான் நம் மாடியறையிலும் இருந்துகொண்டு வீடியோ காலில் சண்டை போட்டோமே, அந்த ஸ்டுடியோவுக்கான சாமான்தான். முழுதாக இல்லை. கைக்கு எட்டியது மட்டும்.

உன் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடியட்டும் என்று காத்திருந்தேன். துக்க வருஷத்தில் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாதென்று அம்மா டிவியைக்கூடத் துணி போட்டு மூடிவிட்டாள். கோயிலுக்குப் போனேன், ஆனால் கீபோர்டு பக்கம் போகவில்லை. துறைமுகச் சாலையில் அந்த லாரி உன் பைக்கை இடித்த நாளிலிருந்து எனக்குப் பாட வாய் வரவில்லை. அம்மா தடுக்காமல் இருந்திருந்தாலும் பாடியிருக்க மாட்டேன்.

இப்போது அவசரம் வந்துவிட்டது. உன் மகள் ஸ்டெஃபிக்கு இந்த மாதக் கடைசியில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்தாயிற்று. அளவு கொடுத்துவிட்டு வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கேட்டாள்: "அத்த, அப்பா எனக்குன்னு பாடுன பாட்ட அன்னைக்குக் கோயில்ல போடுவியளா?" போடுவேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்?

அந்தப் பாட்டு உனக்குத் தெரியாததா? கப்பல் கேபினில் உட்கார்ந்து நீயே எழுதி, நீயே பாடி, வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினாய். லீவில் வந்ததும் நம் ஸ்டுடியோவில் ஒழுங்காகப் பதியலாம், அதுவரை இது மாதிரிக்கு என்றாய். லீவில் வந்தாய். சாமான் வாங்குவதற்குள் போய்விட்டாய். மாதிரிக்கு என்று அனுப்பியதுதான் இப்போது நம்மிடம் இருக்கிற ஒரே பாட்டு.

அதில் இன்ஜின் இரைச்சல் இருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, நீ ஒரு அடி பாடிவிட்டுச் சும்மா இருந்தாய். பிறகு அடுத்த அடி, மறுபடியும் சும்மா. "ஏலே, ஒனக்கு என்னைக்குலே பாட்டு மனப்பாடமா வந்திருக்கு" என்று போனைப் பார்த்துத் திட்டினேன். அந்த இடைவெளிகளை எல்லாம் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிப் பார்த்தேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் பாடுவது போல் ஆனது. அழித்துவிட்டேன்.

சரியான சாமான் இருந்தால் சரியாகிவிடும் என்று கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இணைக்கிற ஆடியோ பெட்டி எப்படியும் வேண்டும். அது போக மிச்சத்தில் நல்ல மைக், இல்லாவிட்டால் நல்ல ஹெட்போன், ஏதாவது ஒன்றுதான் வரும். கடை அண்ணாச்சி ஸ்டாண்டு, பஞ்சு அட்டை, கலர் லைட் எல்லாம் சேர்த்த ஒரு செட்டை என் தலையில் கட்டப் பார்த்தார். "மைக் இல்லாம ஸ்டுடியோவாம்மா? மாப்பிள்ள இல்லாத கல்யாணம் மாதிரில்லா இருக்கு!"

அந்த மைக்கைக் கையில் எடுத்தேன். கனமாக, குளுகுளுவென்று இருந்தது. இதில் யார் பாடப்போகிறார்கள் என்று தோன்றியது. பாடுகிறவன் நீ. நீ இனிப் பாடப்போவதில்லை. அப்போதுதான் நீ வீடியோ காலில் கத்தியது ஞாபகம் வந்தது: "ஏக்கா, மொதல்ல காத வாங்கு. வாய் நமக்கு ஏற்கெனவே நெறையக் கெடக்கு." மைக்கை வைத்துவிட்டு ஹெட்போனை எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணாச்சிக்கு மனசே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மாடியில் உட்கார்ந்தேன். உன் வீட்டுக்காரி ரெஜினாவும் பக்கத்தில் இருந்தாள். ஹெட்போனை மாட்டிப் பாட்டைப் போட்டதும் முதலில் கேட்டது உன் மூச்சு. பாடுவதற்கு முன்னால் மூக்கால் ஒரு இழு இழுப்பாயே, அது. நிறுத்தி, அதை மட்டும் மறுபடியும் போட்டுக் கேட்டேன்.

பிறகு நீ முதல் அடியைப் பாடி நிறுத்தினாய். சும்மா இருக்கிற இடம் வந்தது. ஆனால் நீ சும்மா இல்லை, ஜெரோம். தொம், தொம் என்று மெதுவாக ஒரு சத்தம். நெஞ்சில் கையால் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். போன் ஸ்பீக்கரில் இந்த மாதிரி ஆழமான சத்தம் கேட்காது என்று நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். ஒரு அடிக்கு உள்ள தாளத்தை முழுசாகத் தட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்த அடிக்குப் போனாய். எல்லா இடைவெளியிலும் அப்படியே.

நம் கோயிலில் தவக்காலம் முழுவதும் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாட்டை எப்படிப் பாடுவோம்? ஆண்கள் பக்கம் ஒரு அடி, அதையே திருப்பிப் பெண்கள் பக்கம் மறு அடி. நீ அந்தப் பக்கம் முதல் வரிசை, நான் இந்தப் பக்கம் முதல் வரிசை. நீ முடிப்பதற்குள் நான் எடுத்துவிட்டால் முறைப்பாய். நீ பாட்டை மறக்கவில்லை. எனக்கு இடம் விட்டிருக்கிறாய். அந்த இடத்தைத்தான் நான் வெட்டி எறியப் பார்த்திருக்கிறேன்.

ஏன்லே ஒரு வார்த்தை சொல்லவில்லை? வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாயா? அக்காவுக்குச் சொல்லாமலே தெரியும் என்று இருந்தாயா?

ஹெட்போனை ரெஜினாவின் காதில் வைத்தேன். அந்தத் தட்டல் வந்ததும் அவள் கையும் தன்னாலே நெஞ்சுக்குப் போனது. இரண்டு பேரும் அழுது முடிக்க நேரமானது.

ஆக, அந்த இடங்களில் என் அடியைப் பாடிச் சேர்க்கக் கடைசியில் மைக் வேண்டியதாகிவிட்டது. நீ சிரிப்பாய். கோயிலில் வாசகம் வாசிக்கிற இடத்தில் இருந்த பழைய மைக்கை இரவல் கேட்டு வாங்கினேன். வாய் வைத்தால்தான் கேட்கும் ரகம். நமக்கு அதுதான் நல்லது. கீழே கரையில் மீன் ஏலம், வள்ளத்து இன்ஜின், காக்காய், எதையும் அது சட்டை பண்ணாது. ஆனால் அறை எதிரொலித்தது. அதை அடக்கச் சுவரில் ஒட்டுகிற பஞ்சு அட்டை வாங்கக் காசில்லை.

அப்போது ரெஜினா எழுந்து போனாள். ஆண்டுப் பூசை முடிந்தால் போனவர் துணியை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டுமே, அதற்காக உன் சட்டைகளை மடித்துப் பையில் கட்டி வைத்திருந்தாள். பையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக மறுபடியும் மாடியறைப் பீரோவில் மாட்டினாள். கதவுகளை அகலத் திறந்துவைத்தாள். "பஞ்சு அட்டை எதுக்கு மைனி? இவுக சட்ட இருக்குல்லா."

கையைத் தட்டிப் பார்த்தேன். எதிரொலி அடங்கிவிட்டது.

நேற்று பீரோவுக்கு முன்னால் நின்று பாடிப் பார்த்தேன். உன் சட்டைகளில் கப்பல் கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை. முதல் அடியிலேயே குரல் உடைந்துவிட்டது. ரெஜினா சட்டைகளைத் தள்ளி நெருக்கி மாட்டிவிட்டு, "நாளைக்குப் பாடுவோம் மைனி" என்றாள்.

பாடிவிடுவேன், தம்பி. ஸ்டெஃபி வெள்ளைக் கவுன் போட்டு நடந்து வருகிற அன்று கோயிலில் உன் அடியும் என் அடியும் மாறி மாறிக் கேட்கும். குரல் உடைந்தால் உடைந்தபடி இருக்கட்டும், இனி எதையும் வெட்ட மாட்டேன். அதன் பிறகு உன் சட்டைகளைக் கொடுத்துவிடுவோம். கட்டம் போட்ட நீலச் சட்டை மட்டும் ரெஜினாவிடம் இருக்கும்.

நீ தட்டி முடிப்பதற்குள் நான் என் அடியை முடித்துவிடுவேன். முடித்ததும் நீ எடுத்துவிடு.

மறு அடி பாடக் காத்து நிற்கும்
உன் அக்கா,
ஃபிலோமி